ஹாலில் ஒரு படகு

எங்கள் வீட்டு ஹாலில் எட்டடி நீளத்துக்கு ஒரு பொருள் கிடக்கிறது. ஒரு நீளத் தண்டவாளம், அதன்மேல் முன்னும் பின்னும் ஓடும் சின்ன இருக்கை, ஒரு முனையில் கூண்டுக்குள் விசிறிச் சக்கரம், அதிலிருந்து சங்கிலியோடு வரும் ஒரு கைப்பிடி. வருகிறவர்கள் ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். காஸ் சிலிண்டர் போடும் தம்பிக்கு அது 'ஸ்ட்ரெச்சர்'. என் நாத்தனாருக்கு 'அந்த ரயிலு'. மேல் வீட்டு ஆறு வயதுப் பையன்தான் கிட்டத்தட்டச் சரியாகச் சொன்னான்: "ஆன்ட்டி, இது தண்ணியில்லாத போட்டா?"

அதேதான். ரோயிங் மெஷின். துடுப்புப் படகில் உட்கார்ந்து செய்யும் அசைவை வீட்டுக்குள் செய்ய வைக்கும் இயந்திரம். எனக்கு 51 வயது. குரோம்பேட்டையில் இரண்டாவது மாடியில் வீடு. நீச்சல் தெரியாது. கல்யாணமான புதிதில் பிச்சாவரத்தில் ஏறியதைத் தவிர வேறு படகு ஏறியதில்லை. ஆனாலும் 16 மாதமாக, வாரத்தில் ஐந்து நாள், இந்தத் தண்ணியில்லாத போட்டில் உட்கார்கிறேன். "எப்படி விடாம செய்யறே?" என்று கேட்கும் தோழிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வாசலைத் தாண்ட முடியாத நாட்கள்

மூன்று வருடத்துக்கு முன் என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் பாதிக்குமேல் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது. அத்தைக்கு நாம் சொல்வதெல்லாம் புரியும். ஆனால், சொல்ல நினைக்கிற வார்த்தை வாய்க்கு வராது. தண்ணீர் வேண்டும் என்பதற்கு 'சாவி' என்று வரும். அது தப்பு என்று அவருக்கே தெரியும். அந்தக் கோபத்தில் கண்ணீர் வரும்.

அவரைத் தனியே விட முடியாது. கணவருக்கு ஷிப்ட் வேலை. மகன் பெங்களூரில். நான் வீட்டிலிருந்தே சில கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு பார்க்கிறேன். காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை ஓர் அம்மா உதவிக்கு வருவார். அந்த மூன்று மணி நேரமும் என் வேலைக்கே சரியாக இருக்கும். தினமும் விடியற்காலை பார்க்கில் நடந்துகொண்டிருந்த பழக்கம் அதோடு நின்றது.

போன வருடம் சித்திரையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எச்.பி.ஏ.1சி 6.3 என்று வந்தது. இது அன்றைய சர்க்கரையை மட்டும் காட்டும் கணக்கில்லை. ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைச் சொல்லும். 5.7 முதல் 6.4 வரை இருந்தால் நீரிழிவின் வாசற்படி. 6.5 ஆனால் உள்ளே போய்விட்டோம் என்று பொருள். என் அம்மாவுக்குச் சர்க்கரையில்தான் கண் பார்வை போனது. கடைசி நான்கு வருடம் என் குரலை வைத்துத்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டார். அதனால் அந்த 6.3 என்ற எண்ணை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை. எனக்குக் கண் போனால் அத்தையை யார் பார்ப்பது?

டாக்டர், "தினமும் அரை மணி நேரம் நடங்கம்மா" என்றார். நடக்க வேண்டும்தான். எங்கே, எப்போது? ஹாலிலேயே எட்டுப் போட்டு நடந்து பார்த்தேன். மாடிப்படி ஏறினாலே வலிக்கும் என் முழங்கால், டைல்ஸ் தரையில் திரும்பித் திரும்பி நடந்ததற்கு இன்னும் முரண்டு பிடித்தது. இதற்கு நடுவில், அத்தையைத் தூக்கி உட்காரவைத்து எனக்கு இடுப்பும் பிடித்துக்கொண்டிருந்தது.

அத்தைக்குப் பயிற்சி தர வரும் பிசியோதெரபி தம்பிதான் வழி சொன்னார். "உக்காந்தே செய்யற மாதிரி, முழங்கால்ல உடம்பு வெயிட் இறங்காத மாதிரி ஒண்ணு இருக்கு மேடம். காலு, முதுகு, கை மூணும் வேலை செய்யும்." வெளிநாடு போகும் ஒரு குடும்பம் தாம்பரத்தில் பழைய மெஷின் ஒன்றை விற்பதாக மகன் கண்டுபிடித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை டாடா ஏஸில் ஏறி அது வீட்டுக்கு வந்தது.

வலித்தலும் வலியும்

இதில் காற்று, காந்தம், தண்ணீர் என்று மூன்று பெரிய வகை உண்டு. காந்த வகை சத்தம் போடாது. தண்ணீர் வகையில் தொட்டிக்குள் துடுப்பு சுழலும் சலசலப்பு வரும். காற்று வகையில், நாம் இழுக்க இழுக்க விசிறி சுற்றும். எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவு எதிர்ப்பு. மெதுவாக இழுத்தால் அதுவும் மெதுவாகவே நடந்துகொள்ளும். எங்களுடையது இந்த வகை. திரை பேட்டரியில் ஓடுவதால் கரன்ட் போனாலும் கவலையில்லை.

உலகம் முழுக்க இன்று பரவியிருக்கும் காற்று வகை இயந்திரத்துக்குப் பின்னால் இரண்டு அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் துடுப்பு செய்து விற்றுக்கொண்டிருந்த டிரைஸிகாக்கர் சகோதரர்கள், 1981-ல் தங்கள் முதல் வீட்டுப் படகை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். பனிக்காலத்தில் ஆறு உறைந்துபோகும் ஊரில், படகோட்டிகள் உடம்பு விட்டுப்போகாமல் இருக்க அது உதவியது. அவர்களுக்கு ஆறு உறைந்தது. எனக்கு வாசல் அடைத்தது. இயந்திரம் ஒன்றுதான்.

பார்க்க, கையால் இழுப்பது போலத்தான் இருக்கும். நிஜத்தில் பாதிக்கு மேல் கால் வேலை. முழங்காலை மடக்கி முன்னால் வந்து, முதலில் காலால் உதைக்க வேண்டும். கால் நீண்ட பிறகு, இடுப்பிலிருந்து உடம்பு லேசாகப் பின்னால் சாய வேண்டும். கடைசியில்தான் கை மடங்கி, கைப்பிடி விலா எலும்புக்குக் கீழே வரும். திரும்பிப் போகும்போது இதே வரிசை தலைகீழாக: கை, உடம்பு, கால். இழுப்பதற்கு ஒரு பங்கு நேரம் என்றால், திரும்பி வருவதற்கு இரண்டு பங்கு. அந்த இரண்டு பங்கில்தான் மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும். முதுகைக் கூன் போடக் கூடாது, இடுப்பில்தான் மடங்க வேண்டும். முதல் இரண்டு வாரம் பத்து நிமிடத்துக்கு மேல் விடவில்லை பிசியோதெரபி தம்பி.

என் கணவருக்குக் கிள்ளைப் பக்கம். "எங்க ஊர்ல துடுப்பு வலிக்கிறதுன்னுதான் சொல்வோம்" என்றார். எனக்கு அந்த வார்த்தை பிடித்துப்போனது. வலித்தல் என்றால் இழுத்தல். வலி என்றால் நோவு. அதே வலிக்கு வலிமை என்றும் பொருள் உண்டு. திருக்குறளில் 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, அங்கே வலி என்பது பலம். முதல் மாதம் வலித்ததில் எனக்குக் கிடைத்தது நோவு மட்டும்தான். உள்ளங்கையில் நான்கு கொப்புளம். பலம் வர மூன்று மாதம் ஆனது.

எண்கள் சொல்லும் கதை

இந்த இயந்திரத்தில் ஒரு சின்னத் திரை உண்டு. 500 மீட்டர் போக எவ்வளவு நேரம் ஆகும் என்பதை ஒவ்வொரு இழுப்புக்கும் காட்டும். ஆரம்பத்தில் எனக்கு 3 நிமிடம் 20 விநாடி. இப்போது, 2000 மீட்டரை முழு மூச்சாக வலித்தால், 500-க்கு 2 நிமிடம் 50 விநாடி. 16 மாதத்தில் வெறும் 30 விநாடிதானா என்று மகனிடம் சலித்துக்கொண்டேன். அவன் கணக்குப் போட்டுக் காட்டினான். படகின் வேகம் இரண்டு மடங்கு ஆக வேண்டுமென்றால், போட வேண்டிய சக்தி எட்டு மடங்கு. தண்ணீரின் எதிர்ப்பு அப்படி. அதையே இயந்திரமும் கணக்கில் வைத்திருக்கிறது. என்னுடைய பழைய வேகத்துக்கு 44 வாட் போதும். இப்போதைய வேகத்துக்கு 71 வாட் வேண்டும். "அம்மா, நீ அறுபது சதவிகிதம் பவர் ஏத்தியிருக்கே" என்றான். அன்றைக்கு எனக்கு நானே ஒரு ஃபில்டர் காபி கூடுதலாகப் போட்டுக்கொண்டேன்.

விசிறிக் கூண்டின் பக்கத்தில் ஒன்றிலிருந்து பத்து வரை ஒரு நெம்புகோல் இருக்கும். லீவுக்கு வந்த அக்கா பையன் நேராகப் பத்தில் வைத்தான். "சித்தி, பத்துல வெச்சாதான் எக்ஸர்சைஸ்!" இரண்டு நிமிடத்தில் சோபாவில் படுத்துவிட்டான். அந்த நெம்புகோல் சைக்கிள் கியர் மாதிரி. பத்தில் வைத்தால் கனமான படகு, மூன்று நான்கில் வைத்தால் லேசான படகு. நான் மூன்றில்தான் வைக்கிறேன். முதுகுக்கும் அதுதான் நல்லது.

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது. ஐந்து நாள், அரை மணி நேரம் என்றால் கணக்கு சரி. என் வாரம் இப்படி:

திங்கள், வியாழன்: 30 நிமிடம் மெதுவாக. நிமிடத்துக்கு 20 வலிப்பு. மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம்.

செவ்வாய்: 500 மீட்டர் நான்கு தடவை, நடுவில் இரண்டு நிமிட ஓய்வு.

வெள்ளி: ஒரு நிமிடம் வேகம், ஒரு நிமிடம் மெதுவு, பத்துச் சுற்று. முன்னும் பின்னும் ஐந்து ஐந்து நிமிடம் லேசாக.

சனி: 5000 மீட்டர்.

புதனும் ஞாயிறும் விடுமுறை.

விடாமல் இருக்க

சென்னையில் வீட்டுக்குள் உடற்பயிற்சி என்றால் முதல் எதிரி வியர்வை. மே மாதம் பத்து நிமிடத்தில் தரை நனைந்துவிடும். ஃபேனுக்கு நேர் கீழே மெஷினைப் போட்டேன். பக்கத்தில் ஒரு துண்டு, ஒரு சொம்பு தண்ணீர். முடித்ததும் தண்டவாளத்தைத் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தூசியும் வியர்வையும் சேர்ந்து இருக்கையின் சக்கரம் கரகரக்கும். அவ்வப்போது சங்கிலிக்கு எண்ணெய் விட வேண்டும்.

இரண்டாவது, சத்தம். காற்று வகை நன்றாகவே இரையும். முதல் வாரத்தில் கீழ் வீட்டு அக்கா மேலே ஏறி வந்துவிட்டார். "என்னங்க, மாவு மில்லு ஏதும் வெச்சிருக்கீங்களா?" உள்ளே அழைத்துக் காட்டினேன். அடியில் கனமான ரப்பர் பாய் விரித்தேன், ஆறு மணிக்கு முன்னால் தொடுவதில்லை என்று சொன்னேன். இப்போது நான் ஒருநாள் வலிக்காவிட்டால், "உடம்பு சரியில்லையா?" என்று அவரே போன் செய்கிறார். இதைவிடப் பெரிய கண்காணிப்பு எனக்கு வேண்டாம்.

மூன்றாவது, சோம்பல். அதற்கு நான் கண்டுகொண்ட வழி, மனசிடம் கேட்காமல் கடிகாரத்திடம் கேட்பது. அத்தைக்கு ஆறு மணிக்குக் காபி. ஆறேகாலுக்கு மெஷின். காபி தம்ளரைக் கழுவி வைத்தால் அடுத்த வேலை இதுதான். முடியவே முடியாது என்று தோன்றும் நாட்களில் பத்து நிமிடம் மட்டும் என்று உட்கார்வேன். பல நாள் அந்தப் பத்து முப்பதாகிவிடும். சில நாள் பத்தோடு எழுந்துவிடுவேன். அதையும் நோட்டில் எழுதுவேன். மளிகைக் கணக்கு எழுதும் அதே நாற்பது பக்க நோட்டுதான்: தேதி, மீட்டர், நேரம், ஒரு வரிக் குறிப்பு. 'தீபாவளி, இரண்டு நாள் லீவு', 'இடுப்பு பிடிப்பு, 2000 மட்டும்'. இரண்டாவது நோட்டு இப்போது பாதியில் இருக்கிறது.

சலிப்பு வரும் நாளில் துணைக்கு இரண்டு பேரை நினைத்துக்கொள்வேன். ஒருவர் இங்கிலாந்தின் ஸ்டீவ் ரெட்கிரேவ். 1984 முதல் 1996 வரை தொடர்ந்து நான்கு ஒலிம்பிக்கில் படகோட்டத்தில் தங்கம் வென்றவர். 1997-ல் அவருக்கு நீரிழிவு என்று தெரிந்தது. அதன் பிறகும் பயிற்சியை விடவில்லை. 2000-ல் சிட்னியில் ஐந்தாவது தங்கத்தையும் வென்றார். இன்னொருவர் நம்முடைய தத்து பபன் போகானல். மகாராஷ்டிரத்தின் நாசிக் மாவட்டத்தில், வறட்சி வாட்டும் கிராமத்துக்காரர். ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் துடுப்பைத் தொட்டார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஒற்றையர் போட்டியில் 13-வதாக வந்தார். 2018 ஆசிய விளையாட்டில், நால்வர் படகில் தங்கம். தண்ணீர் பார்க்காத ஊர்க்காரர் படகில் ஏறியிருக்கிறார். நான் தண்ணீரே இல்லாமல்தானே வலிக்கிறேன், எனக்கென்ன?

எண்ணுகிறவர்

படகோட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு. துடுப்பு வலிக்கிறவர்கள் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். எட்டுப் பேர் படகில் ஒன்பதாவதாக ஒருவர் இருப்பார், காக்ஸ் என்று பெயர். அவர் கையில் வலிக்கும் துடுப்பு கிடையாது. எட்டுப் பேரையும் பார்த்தபடி உட்கார்ந்து, வழி பார்த்துச் சுக்கான் பிடித்து, தாளம் சொல்வார். களைத்துப்போகிற இடத்தில் "பவர் டென்" என்று கத்துவார். பத்து வலிப்பு, முழு பலத்தோடு. ஒன்று, இரண்டு என்று அவர் எண்ண எண்ண வலிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அத்தையின் கட்டில் ஹாலைப் பார்த்துத்தான் போடப்பட்டிருக்கிறது. மெஷினில் உட்கார்ந்தால் அவர் முகம் எனக்கு நேரே தெரியும். மூன்றாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கடைசி 500 மீட்டரில் மூச்சு முட்ட, கவனத்தைத் திருப்புவதற்காக நான் சத்தமாக எண்ண ஆரம்பித்தேன். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." ஆறு வரை போனேன். "ஏழு" என்றபோது இரண்டு குரல் கேட்டது. அத்தை, கண்ணை என் மேலிருந்து எடுக்காமல், "எட்டு" என்றார். "ஒம்போது." "பத்து."

நான் கைப்பிடியை விட்டுவிட்டுப் போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வியர்வை நாற்றத்தில் அவர் முகத்தைச் சுளித்ததும் நினைவிருக்கிறது.

பேச்சுப் பயிற்சி தரும் அம்மாவிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. பக்கவாதத்தில் பேச்சு போனவர்களில் பலருக்கு, நினைத்துப் பேசும் வார்த்தை வராவிட்டாலும், மனப்பாடமாக வரிசையாக வருவது மிச்சம் இருக்குமாம். எண்கள், கிழமைகள், சின்ன வயதில் படித்த பாட்டு. "தினமும் எண்ண வைங்க. அவசரப்படுத்தாதீங்க" என்றார். நிமிடத்துக்கு 20 வலிப்பு என்றால், ஒரு வலிப்புக்கு மூன்று விநாடி. அத்தைக்கு ஓர் எண்ணைத் தேடி எடுத்துச் சொல்ல அந்த மூன்று விநாடி கச்சிதமாகப் போதும். அதனால் திங்களும் வியாழனும் அவருடைய பயிற்சியும் ஆனது. பத்து எண்ணுவார், நான் வலிப்பேன். பிறகு கொஞ்சம் ஓய்வு. மறுபடி பத்து. நான் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தால், "ம்ம்" என்று அதட்டுவார். மாமியார் என்பதை அவர் மறக்கவில்லை.

போன மார்கழியில் அவருக்கு நெஞ்சுச் சளி கட்டி, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். திரும்பி வந்த பிறகு எண்ணவே இல்லை. நோட்டில் மூன்று வாரம் வெறுமையாக இருக்கிறது. பிறகு ஒருநாள் நான் மட்டும் உட்கார்ந்து, நானே எண்ணிக்கொண்டு, பத்து நிமிடம் வலித்தேன். மறுநாளும். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மாசி பிறந்த பிறகுதான் "ரெண்டு" என்று வந்தது. இப்போது நல்ல நாளில் பத்து வரை போகிறார். சில நாள் ஆறோடு நின்றுவிடும். ஆறோடு நின்றால் மீதி நான்கை நான் சொல்கிறேன்.

என்ன மாறியது?

கடைசி இரண்டு பரிசோதனையிலும் என் எச்.பி.ஏ.1சி 5.9. துடுப்பு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். இரவுச் சாதத்தைக் குறைத்திருக்கிறேன், மாலை பிஸ்கட்டை நிறுத்தியிருக்கிறேன். வாசற்படியிலிருந்து இறங்கிவிட்டேன் என்றும் சொல்ல முடியாது. ஆனால் உள்ளே போகவில்லை. மாடிப்படியில் கைப்பிடிச் சுவரைப் பிடிக்காமல் ஏறுகிறேன்.

பெரிய மாற்றம் வேறு. அத்தையைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது முன்பெல்லாம் கையாலும் முதுகாலும் தூக்குவேன். இப்போது இடுப்பில் மடங்கி, முதுகை நேராக வைத்து, காலால் எழுகிறேன். மெஷினில் ஆயிரக்கணக்கான தடவை செய்த அதே வரிசைதான். பிசியோதெரபி தம்பி பார்த்துவிட்டு, "இதைத்தான் மேடம் முதல் நாள்லேர்ந்து சொல்றேன்" என்றார். இடுப்பு பிடிப்பு வந்து நான்கு மாதம் ஆகிறது.

நீங்களும் ஆரம்பிப்பதாக இருந்தால் ஒரு வார்த்தை. இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், முதுகுத் தண்டில் டிஸ்க் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் உட்காராதீர்கள். முறை தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று முதல் சில நாள் பார்க்கட்டும். புதிதாக வாங்க விலை அதிகம். பழையது தேடினால் கிடைக்கும், நிறைய வீடுகளில் துணி காயப்போட்டிருக்கிறார்கள். மெஷின்தான் வேண்டும் என்பதுகூட இல்லை. வீட்டைவிட்டு நகர முடியாமல் யாரையாவது பார்த்துக்கொண்டிருப்பவர்கள், அந்த வீட்டுக்குள்ளேயே தன் உடம்புக்கு ஓர் அரை மணி நேரத்தை எடுத்து வையுங்கள். நீங்கள் படுத்துவிட்டால் படுத்திருப்பவரைப் பார்க்க ஆள் இல்லை.

என் அடுத்த இலக்கு 5000 மீட்டரை 30 நிமிடத்துக்குள் முடிப்பது. இப்போது 30 நிமிடம் 40 விநாடி ஆகிறது. தைப் பொங்கலுக்குள் என்று நோட்டின் அட்டையில் எழுதியிருக்கிறேன். அதை அத்தைக்கும் படித்துக் காட்டினேன். இடது கையைத் தூக்கி, ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். ஐயாயிரம் என்றாரா, சீக்கிரம் போய் வலி என்றாரா, தெரியவில்லை.

நாளைக்கு வியாழன். முப்பது நிமிடம், மெதுவாக.